தெரிந்த கேள்வியில் போகும் மதிப்பெண்

நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் மாதிரித் தேர்வுத் தாள்கள் நாலைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தவறாய்ப் போன கேள்விகளை மட்டும் அதே பிள்ளையிடம் மறுநாள் கொடுத்துப் பாருங்கள். கடிகாரம் வேண்டாம், அவசரம் வேண்டாம். அவற்றில் கணிசமானவற்றை யாரும் சொல்லித் தராமலே சரியாகப் போட்டுவிடும். "ஐயோ, இது எனக்குத் தெரியுமே!" என்ற அந்த வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். புதிதாக என்ன படிக்கலாம் என்று சொல்ல சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். படித்ததைக் கோட்டைவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று உட்கார்ந்து சொல்லித் தருபவர்கள் குறைவு.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியென்றால் 4, தவறென்றால் 1 கழியும், விட்டுவிட்டால் 0. ஒரு பிள்ளை 160 கேள்விக்கு விடை எழுதி, 130 சரி, 30 தவறு என்றால் 520-இல் 30 போக 490. அந்த 30 தவறில் 12 மட்டும் கவனக்குறைவால் வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை சரியாகியிருந்தால் மதிப்பெண் 550. ஒரு பாடம்கூடப் புதிதாகப் படிக்காமல் 60 மதிப்பெண். தெரிந்த கேள்வி ஒன்று தவறானால் போவது 4 இல்லை, 5. வர வேண்டிய நாலும் வரவில்லை, கையில் இருந்த ஒன்றும் போனது.

அதனால் மாதிரித் தேர்வு எழுதுவதற்கு மூன்று மணி நேரம் என்றால், அதைப் பிரித்துப் பார்க்க நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மூலையில் போட்டால் அந்தத் தேர்வை எழுதியதே வீண். தனியாக ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் ஒரே ஒரு வரி. கேள்வியை முழுதாகப் பார்த்து எழுத வேண்டாம். அப்படி ஆரம்பித்தவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். தேதி, கேள்வி எண், பக்கத்தில் ஓர் எழுத்து. பாடமே தெரியாது என்றால் 'தெ'. படித்தது மறந்துவிட்டது என்றால் 'ம'. கேள்வியைத் தப்பாக வாசித்தது 'வா'. கூட்டல் பெருக்கலில் போனது 'க'. விடை சரி, நிரப்பிய வட்டம் தப்பு என்றால் 'வ'. ஊகம் 'ஊ'. ஐந்து தேர்வு முடிந்ததும் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணினால், அடுத்த இரண்டு வாரம் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரியும். 'ம' அதிகமாக இருப்பவருக்கு இன்னொரு கைடு வாங்கித் தருவதால் பயனில்லை. அவருக்கு வேண்டியது திருப்புதல். 'க' அதிகம் உள்ளவர் தினமும் இருபது நிமிடம் பேனாவால் கணக்குப் போட்டால் போதும்.

அந்த ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்? ஓர் உதாரணம். 10 ஓம் மின்தடையுள்ள கம்பியை மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்தால் புது மின்தடை எவ்வளவு? 30 ஓம் என்று பலர் போடுவார்கள். நீளம் மூன்று மடங்கு, ஆகவே மின்தடையும் மூன்று மடங்கு என்ற அளவில் யோசனை நின்றுவிடுகிறது. கம்பியை இழுக்கும்போது அதன் கன அளவு மாறாது. நீளம் மூன்று மடங்கானால் குறுக்குப் பரப்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். மின்தடை நீளத்துக்கு நேர் விகிதம், பரப்புக்கு எதிர் விகிதம். எனவே ஒன்பது மடங்கு, 90 ஓம். நோட்டில் "30 இல்லை 90" என்று எழுதினால் அடுத்த முறை உதவாது. "இழுத்தால் கன அளவு மாறாது; நீளம் எத்தனை மடங்கோ அதன் வர்க்கம்" என்று எழுதினால், 10 சதவீதம் இழுக்கப்பட்டது என்று கேள்வி மாறி வந்தாலும் 1.1-இன் வர்க்கம் 1.21, ஆக 21 சதவீதம் கூடும் என்று கை தானாக ஓடும். கவனியுங்கள், விடைகளின் வரிசையில் அந்த 30 கண்டிப்பாக இருக்கும். கேள்வி தயாரிப்பவர்கள் தப்பு விடைகளைச் சும்மா போடுவதில்லை, நீங்கள் எங்கே வழுக்குவீர்கள் என்று பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

'வா' என்று குறித்த தவறுகளைப் பற்றித் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கேள்வியில் 'நாட்' என்ற சொல் பெரும்பாலும் விடைகளுக்கு முன்னால் கண்ணில் பட்டுவிடும். நம் மொழியில் எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். "பின்வருவனவற்றுள் இதய இரத்தக் குழாய்களைப் பற்றிய சரியான கூற்று" என்று வாசிக்கும்போதே கண் விடைகளுக்குத் தாவிவிடும். "அல்லாதது எது" என்பது வாசிக்கப்படாமலே போய்விடும். இதற்கு ஒரே மருந்து பேனா. அல்ல, அல்லாதது, தவறான, தவிர, பொருந்தாத ஆகிய சொற்களை வினாத்தாளில் வட்டமிட்ட பிறகுதான் விடைகளைப் பார்ப்பது என்று ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் பழக்குங்கள். கூற்று I, கூற்று II என வரும் கேள்விகளில் முதல் கூற்றுக்குப் பக்கத்தில் சரி அல்லது தவறு என்று குறித்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். பொருத்துக வகையில் நாலையும் பொருத்த வேண்டியதே இல்லை. நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஜோடியைப் பிடித்தால் பெரும்பாலும் இரண்டு விடைகள் விழுந்துவிடும்.

தமிழில் வினாத்தாள் வேண்டும் என்றால் விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் கேட்டவர்களுக்கு ஆங்கிலமும் சேர்ந்த இருமொழித் தாள் வரும். ஆங்கிலம் கேட்டவர்களுக்கு ஆங்கிலம் மட்டுமே. ஆகவே தமிழ் வழியில் படித்தவர் தயங்காமல் தமிழைக் கேட்கலாம், எதையும் இழக்கப்போவதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. அந்த வலி இன்னும் ஆறாத குடும்பங்கள் உண்டு. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்துக்கொள்வதைக் கூடுதல் வேலையாக நினைக்காதீர்கள், உங்களுக்கான காப்பு அது. உந்தம் என்றால் மொமென்டம், திறன் என்றால் பவர், தன்வெப்ப ஏற்புத்திறன் என்றால் ஸ்பெசிஃபிக் ஹீட் கெப்பாசிட்டி, குன்றல் பகுப்பு என்றால் மியாசிஸ். பாடம் முடிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பாடத்தில் பத்துச் சொல். தமிழ் வரி குழப்பினால் உடனே எதிரில் உள்ள ஆங்கில வரிக்குப் போய் அந்தச் சொல்லைத் தேடும் பழக்கம் வந்துவிடும்.

உயிரியலுக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகம்தான் ஆதாரம். நம் மாநிலப் பாடநூல் தாவரவியல், விலங்கியல் என இரண்டாக, இன்னும் விரிவாகவே இருக்கிறது. புரிந்துகொள்ள அதுவே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் கேள்வி வருவது என்.சி.இ.ஆர்.டி. வரியிலிருந்து, படத்தின் கீழே உள்ள குறிப்பிலிருந்து, அட்டவணையிலிருந்து. தமிழில் புரிந்துகொண்டு, ஆங்கில நூலின் வரியை விரல் வைத்து வாசியுங்கள். இன்னொன்று: 2024-இல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. வேதியியலில் திட நிலைமை, பரப்பு வேதியியல், உலோகவியல், ஹைட்ரஜன், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் போயின. உயிரியலில் தாவரங்களில் கடத்து முறை, கனிம ஊட்டம், செரித்தலும் உட்கிரகித்தலும், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் போயின. பொதுத் தேர்வுக்காக இவற்றில் சிலவற்றை நீங்கள் படித்தே ஆக வேண்டியிருக்கும். பொதுத் தேர்வு முடிந்த அன்றே அந்தப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டு மூடிவிடுங்கள். இயற்பியலில் செய்முறைத் திறன் என்று ஓர் அலகு புதிதாகச் சேர்ந்தது. வெர்னியர், திருகு அளவி எல்லாம் அதில்தான். சுழிப் பிழை நேர்க்குறி என்றால் அளவீட்டிலிருந்து கழிக்க வேண்டும், எதிர்க்குறி என்றால் கூட்ட வேண்டும். இதை மாற்றிப்போடுபவர்கள் அதிகம்.

கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணையும் கிடையாது. 2-இன் மடக்கை 0.301, 3-க்கு 0.477, 5-க்கு 0.699 ஆகிய மூன்றும் மனத்தில் இருந்தால் வேதியியலில் வரும் பெரும்பாலான கணக்குக்குப் போதும். முதல் வகை வினையில் 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரை ஆயுளைப் போல ஏறக்குறைய 10 மடங்கு என்பதை எல்லாம் சூத்திரம் எழுதிப் போடக் கூடாது, பார்த்ததும் சொல்ல வேண்டும்.

ஊகத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். "நெகட்டிவ் மார்க் இருக்கு, தெரியாததைத் தொடாதே" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் அறிவுரை. கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்கு விடை போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 4-இல் 3 போக 1 மிச்சம். நட்டம் இல்லை, லாபமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் இரண்டு விடைகளை நிச்சயமாக நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி 1.5. அதை விட்டுவிட்டு வருவது கையிலிருப்பதைத் தெருவில் போடுவது. 'நிச்சயமாக' என்பதுதான் முக்கியம். அரைகுறையாகத் தெரிந்த இடத்தில் ஊகிப்பவர், மேலே சொன்ன 30 ஓம் விடைக்கே போய் விழுவார். அங்கே சராசரிக் கணக்கு செல்லாது. எனவே உங்கள் ஊகத்தை நீங்களே எடைபோட வேண்டும். மாதிரித் தேர்வில் ஊகித்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 40 புள்ளி சேர்ந்ததும் எண்ணுங்கள். 8 சரி, 32 தவறு என்றால் வந்தது 32, போனது 32. ஆக ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியாக வருகிறதென்றால் உங்கள் ஊகம் லாபம், ஊகிக்கலாம். அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். பாடவாரியாகத் தனித்தனியே எண்ணினால் இன்னும் நல்லது. உயிரியலில் ஊகம் கைகொடுப்பவருக்கு இயற்பியலில் அப்படியே கவிழும்.

இனி ஓ.எம்.ஆர். தாள், அதாவது விடை வட்டங்களை நிரப்பும் தாள். இதற்குப் போதிய பயிற்சி இல்லாமல் போகும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்கு மனசு பதறும். ஒரு வட்டத்தை முழுதாக நிரப்ப 4 விநாடி என்றால் 180-க்கு 12 நிமிடம். இந்த 12 நிமிடத்தை மாதிரித் தேர்வில் கணக்கில் சேர்க்காமல், புத்தகத்திலேயே விடையைக் குறித்துப் பழகியவர்கள் உண்மையான தேர்வில் கடைசிக் கால் மணி நேரத்தில் தவித்துப்போவார்கள். கருப்பு பால்பாயிண்ட் பேனாவை மையத்திலேயே தருவார்கள். அது வழவழவென்று எழுதாது. ஜெல் பேனாவில் பழகியவர்களுக்குக் கை வலிக்கும், ஆகவே இப்போதே பால்பாயிண்டுக்கு மாறுங்கள். நிரப்பியதை மாற்ற முடியாது. ஒயிட்னர், அழித்தல் எதுவும் கூடாது. இரண்டு வட்டம் நிரப்பினால் தவறாகவே எடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வரிசை மாறுவது. பலர் உயிரியலை முதலில் எழுதுவார்கள்; நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வினாத்தாளில் இயற்பியல் 1 முதல் 45, வேதியியல் 46 முதல் 90, உயிரியல் 91 முதல் 180. உயிரியலில் தொடங்கினால் முதலில் நிரப்ப வேண்டியது 91-ஆவது எண். பதற்றத்தில் 1-ஆவது வரிசையில் ஆரம்பித்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அதேபோல ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை அந்த இடத்தில் நிரப்பினால், கவனிக்கும்வரை எல்லாமே ஒரு படி தள்ளிப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு கேள்வியாக நிரப்புவது நேரம் தின்னும், கடைசியில் மொத்தமாக நிரப்புவது உயிரை வாங்கும். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை மட்டும் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிரப்புவதுதான் நடுவழி. "தொண்ணூத்தி ஒண்ணு, மூணு. தொண்ணூத்தி ரெண்டு, விட்டது. தொண்ணூத்தி மூணு, ஒண்ணு." எங்காவது தள்ளிப்போனாலும் அந்தப் பக்கத்தோடு நிற்கும்.

நேரம்: உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, கடைசி 20 விட்டுவந்த கேள்விகளுக்கு. நிரப்பும் நேரமும் இதற்குள்தான். உயிரியல் 60-ஐத் தாண்டுகிறதென்றால் அங்கே ஞாபகம் உறுதியாக இல்லை என்று பொருள்.

பழைய வினாத்தாள்களை, தேர்வை நடத்தும் என்.டி.ஏ.-வின் தளத்திலிருந்து இறக்கி ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஓ.எம்.ஆர். மாதிரி ஒன்றை 20 பிரதி எடுத்துவிடுங்கள். ஏற்காட்டிலும் மலைக் கிராமங்களிலும் இருப்பவர்கள் சேலம் வரும் ஒரு நாளில் மொத்தமாக எடுத்துக்கொண்டு போவது நல்லது, மலையில் சிக்னலை நம்பி உட்கார முடியாது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 கேள்வி இருக்கும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற நாலு பிரிவிலும் 'பி' பகுதியில் 15 கொடுத்து 10 எழுதச் சொல்லியிருப்பார்கள். இன்றைய முறைக்குப் பழக, 'பி' பகுதிகளின் கடைசி 5 கேள்விகளை அடித்துவிட்டு 180 கேள்வியை 180 நிமிடத்தில் எழுதுங்கள். 2020-க்கும் அதற்கு முன்பும் உள்ள தாள்கள் இன்றைய அமைப்பிலேயே இருக்கும், நீக்கப்பட்ட பாடங்களை மட்டும் தாண்டிவிடலாம்.

இந்த மாதிரித் தேர்வுகளைக் காலையில் எழுதிப் பழகுகிறவர்கள் ஏராளம். நீட் நடப்பது பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. 2023-இல் மே 7, 2024-இல் மே 5, 2025-இல் மே 4, மூன்றும் ஞாயிறு. மே மாதம் சேலத்தில் அந்த நேரத்து வெயிலைச் சொல்லவா வேண்டும்! அதுவும் சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம். பொதுத் தேர்வு முடிந்ததிலிருந்து நீட் வரை ஏறத்தாழ 40 நாள் கிடைக்கும். ஒரு நாள் தேர்வு, மறுநாள் அதைப் பிரித்துப் பார்த்துத் திருப்புதல், மூன்றாம் நாள் பலவீனமான பாடம் என்று வைத்தால் 13 முழுத் தேர்வு வரும். அது போதும். எல்லாமே 2 மணிக்கு, ஏ.சி. இல்லாத அறையில், நடுவில் எழுந்திருக்காமல். அந்த 40 நாளும் பகல் தூக்கம் கூடாது. கடைசி மூன்று நாளில் முழுத் தேர்வு வேண்டாம், தவறுகள் நோட்டு மட்டும் போதும்.

மலையிலிருந்து வருபவர்கள் ஞாயிறு காலையில் இறங்க நினைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு. மே மாத ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகள் வேறு. வளைவில் வயிற்றைப் புரட்டும் பிள்ளைகளுக்கு அன்றைய தினமே வீணாகிவிடும். சனிக்கிழமை மதியமே இறங்கி, உறவினர் வீட்டில் தங்கி, மாலையில் மையத்தை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். ஆத்தூர், மேட்டூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதேதான், மையம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள கல்லூரிகளில் விழும்.

சான்றிதழ் வேலையைத் தேர்வுக்கு முன்பே முடிக்கப் பாருங்கள். நம் மலைகளில் வாழும் மலையாளி பழங்குடிச் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். அதற்கு நாள் பிடிக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். எட்டாவது வரை மலையில் ஒரு பள்ளி, பிறகு கீழே விடுதியில் தங்கி இன்னொரு பள்ளி என்றால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் தனித்தனியே வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், ஏப்ரலுக்குள் வாங்கிவிடுங்கள். பிற்படுத்தப்பட்டோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நீட் விண்ணப்பத்தில் உள்ள ஓ.பி.சி. என்பது மத்தியப் பட்டியல், அதற்கான சான்று வேறு. மாநிலக் கலந்தாய்வுக்கு வழக்கமான சாதிச் சான்று. பெயரின் இன்ஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஆதாரிலும் முன்னும் பின்னுமாக இருக்கும். எது எங்கே எப்படி இருக்கிறதென்று விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

தேர்வு நாளில் 1.30-க்குக் கதவு மூடிவிடும். 11 மணியிலிருந்தே உள்ளே விடுவார்கள் என்பதால் பத்தரைக்கே சாப்பாட்டை முடிக்க வேண்டும். தயிர் சாதம் போதும். முந்தின நாள் மாலை தட்டுவடை செட்டு வேண்டாம், ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம். அரைக்கை உடை, செருப்பு, வெளியே தெரியும் தண்ணீர் பாட்டில், நுழைவுச் சீட்டு, அதில் கேட்டிருக்கும் புகைப்படங்கள், அசல் அடையாள அட்டை. புகைப்படம் விண்ணப்பத்தில் ஏற்றிய அதே படமாக இருக்கட்டும். கடிகாரம் கூடாது. நம் ஊர் கொலுசுக்குப் பேர்போனது, பெண் பிள்ளைகளுக்கு அது காலிலேயே இருக்கும். திருகாணி வைத்த கொலுசு வாசலில் நின்று கழற்ற வராது. கொலுசு, தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் முந்தின இரவே வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள்.

உள்ளே தாள் வந்ததும் வினாத்தாளின் குறியீடும் ஓ.எம்.ஆர். குறியீடும் ஒன்றா என்று பாருங்கள். மாறியிருந்தால் உடனே கையைத் தூக்குங்கள், எழுத ஆரம்பித்த பிறகு சொல்ல வேண்டாம். முடிந்ததும் ஓ.எம்.ஆர். தாளின் இரண்டு பிரதியையும் கொடுத்துவிட வேண்டும், வினாத்தாள் மட்டும் உங்களுக்கு. அதனால் நீங்கள் நிரப்பிய விடையை வினாத்தாளிலும் தெளிவாகக் குறித்திருங்கள். பிறகு தற்காலிக விடைக்குறிப்பும் உங்கள் ஓ.எம்.ஆர். படமும் இணையத்தில் வரும். விடைக்குறிப்பில் தவறு என்று பட்டால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், அதற்குக் கிடைப்பது சில நாள்தான். வினாத்தாளை வைத்து ஒவ்வொரு எண்ணாக அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள், 91-ஆவது எண்ணிலிருந்து.